எண்ணப்படாத மாடிகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஏதாவதோர் ஒழுங்கையில் நின்று, எதிரே எழுந்து நிற்கும் தொடர்மாடியின் மாடிகளை எண்ணிப் பாருங்கள். ஏழு வரலாம், பத்து வரலாம். பிறகு, அதற்கு மாநகரசபை எத்தனை மாடிக்கு அனுமதி கொடுத்தது என்று விசாரித்துப் பாருங்கள். குடியிருப்பவருக்குத் தெரியாது. விற்றவர் பேச்சை மாற்றுவார். காவலாளி உங்களைச் சந்தேகத்துடன் பார்ப்பார். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் இன்றைய கொழும்பின் கட்டடக்கலை நடந்துகொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் ஞாயிறு இணைப்பிதழ்களில் கட்டடக்கலை பற்றி எழுதப்படுவதெல்லாம் அழகு பற்றியதாகவே இருக்கிறது. பேரை வாவிக் கரையில் ஒரு கோபுரம் மற்றொன்றின்மீது சாய்ந்து நிற்கிறது. அதை வரைந்தவர் மோஷே சாப்டி என்ற உலகப் புகழ் பெற்ற கலைஞர். உயரம் 240 மீற்றர். நல்லது. ஆனால் இந்த நகரத்தின் பெரும்பாலான கட்டடங்களை வரைபவர்கள் இத்தகையோர் அல்லர். காணியின் பேர்ச்சுக் கணக்கும், விதிப்புத்தகத்தின் ஓட்டைகளும், விற்பனைக்காரரின் கூட்டல் கழித்தலும் சேர்ந்து முதலில் ஒரு பெட்டியை வரைந்துவிடுகின்றன. அதற்குக் கண்ணாடி எந்த நிறம், பல்கனிக்கு என்ன கம்பி என்று தீர்மானிப்பதற்கே கடைசியில் ஒரு கலைஞர் அழைக்கப்படுகிறார். இதைப் பத்திரிகைகள் ஏன் எழுதுவதில்லை என்று கேட்பவர்கள், அதே பத்திரிகையில் வரும் முழுப்பக்க வீட்டு விளம்பரங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அந்தத் தயக்கத்தை முப்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

சட்டம் கட்டடத்தை வரைவது ஒன்றும் புதிதல்ல. அது கெட்ட காரியமும் அல்ல. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 63½ பாகை என்று ஒரு கோணத்தை எமக்குத் தந்தது. தெருவின் எதிர் விளிம்பில் தொடங்கி அந்தச் சாய்வில் ஒரு கற்பனைக் கோட்டை இழுத்தால், கட்டடம் அந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டு மேலே போகக்கூடாது. கணிதம் மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், தெரு எவ்வளவு அகலமோ அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். அதற்கு மேல் இல்லை. இருபது அடி ஒழுங்கையில் நாற்பது அடி, அதாவது நான்கு மாடி. எதிர்வீட்டுக்காரரின் முற்றத்தில் வெயில் விழவேண்டும், காற்று வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். கொள்ளை நோய்களுக்குப் பயந்த குடியேற்றக்கால அதிகாரிகள் எழுதிய விதிதான். ஆயினும் அதற்குள் அயலவன் என்று ஒருவன் இருந்தான்.

1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. 1986 இல் அச்சபையின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வந்தன. காணியின் பரப்பு, வீதியின் அகலம், தளப்பரப்பு விகிதம், வாகனத் தரிப்பிடம் எனக் கணக்குகள் பெருகின. இவற்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, விதிக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்ட கட்டணப் பட்டியலில் இருக்கிறது. தரிப்பிடம் கொடுக்க இடமில்லையா? அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். பணம் திறைசேரிக்கோ சபைக்கோ போய்ச் சேரும். வாகனம் மட்டும் எங்கும் போகாமல் ஒழுங்கையிலேயே நிற்கும். அனுமதியில்லாமல் கட்டிவிட்டீர்களா? அதற்கும் 'கவரிங் அப்ரூவல்' என்று ஒரு வழி உண்டு. கட்டி முடித்தபின் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நடந்ததை நடந்ததாக ஏற்கச் செய்வது. வீட்டுக்குப் பின்னால் அறியாமல் ஒரு குசினி இறக்கிய ஓய்வூதியருக்கு இது தேவையான கருணைதான். ஆனால் தெரிந்தே மேலே இரண்டு மாடி ஏற்றும் வணிகருக்கு இது தண்டமாகப் படுவதில்லை. சீமெந்து விலை, கம்பி விலை போல் இதையும் முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். ஒரு மாடியை விற்றுக் கிடைக்கும் இலாபத்தின் முன் அந்தத் தொகை என்ன பெரிது?

இப்படிக் கட்டியவற்றை இடிக்க நீதவானிடம் கட்டளை பெற அதே சட்டத்தில் 28அ என்ற பிரிவு இருக்கிறது. மதிலுக்கும் பெட்டிக்கடைக்கும் அது பாய்ந்ததைச் செய்தியாக எழுதியிருக்கிறோம். பத்தாம் மாடிக்கு ஏறியதை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. 2017 மே 18 ஆம் திகதி வெள்ளவத்தையில், சவோய் திரையரங்குக்கு அருகில் ஒரு கட்டடம் தானாகவே இடிந்து விழுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. சில நாட்களுக்குச் சட்டவிரோதக் கட்டடங்கள் பற்றி எல்லோரும் பேசினார்கள். பிறகு வெள்ளம் வந்தது, செய்தி அடித்துச் செல்லப்பட்டது.

வெள்ளவத்தையை நான் திரும்பத் திரும்ப இழுப்பதற்குக் காரணம் உண்டு. இது எங்கள் பணத்தில், எங்கள் பயத்தில் எழுந்த ஊர். 1983க்கு முன் முற்றமும் மாமரமும் உள்ள வீடுகள் இந்த ஒழுங்கைகளில் இருந்தன. எரிந்தவை போக எஞ்சியவற்றை உரித்தாளிகள் விற்றார்கள். அல்லது "காணியைத் தாருங்கள், மேலே இரண்டு வீடு தருகிறேன்" என்று வந்தவரிடம் ஒப்படைத்தார்கள். வடக்கிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் லொட்ஜுகளிலும் பின்னர் இந்த மாடிகளிலும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இரட்டை வேலை செய்து அனுப்பிய பணம் இந்தச் சுவர்களில் இருக்கிறது. அவ்வளவு பணம் போட்ட சமூகம், ஒரு நல்ல கட்டடத்தையாவது கேட்டு வாங்கியதா என்றால், இல்லை. படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை, 'சீ வியூ' உண்டா என்பதோடு எமது கேள்விகள் முடிந்துவிட்டன.

இதிலும் சட்டம் தன் பங்குக்கு வரைந்தது. வெளிநாட்டவர் ஆதனம் வாங்கினால் 100 வீத வரி என்ற ஏற்பாடு 2004 இல் மீண்டும் வந்தபோது, தொடர்மாடிகளில் நான்காம் மாடியும் அதற்கு மேற்பட்டவையும் விலக்களிக்கப்பட்டன. காணி கைமாற்றத்தையே தடுத்த 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டமும் அதே கோட்டை வைத்துக்கொண்டது. 2018 இல்தான் அது தளர்ந்தது. நாலாம் மாடி என்றதும் எம்மவர் நெஞ்சில் எழும் பீதி வேறு. அது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கதை. இங்கே சொல்வது சந்தைக் கதை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாப் பிரஜையானவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எழுபது வயதுத் தாய்க்கு வீடு வாங்க நினைக்கும் அவர், முழங்கால் வலியுள்ள அந்தத் தாயை நான்காம் மாடிக்கு மேல்தான் ஏற்றவேண்டியிருந்தது. மாடிகள் மேலே வளர்வதற்கு இதைவிட நல்ல ஊக்குவிப்பு வேண்டுமா?

அந்தத் தாயின் நிலையை 2022 மார்ச் மாத இறுதியில் பார்த்தோம். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லாத கட்டடங்களில் மின்தூக்கி நின்றது. நீரிறைக்கும் பம்பி நின்றது. குளிரூட்டியை நம்பி ஜன்னலைக் குறுக்கிக் கட்டிய அறைகளில், கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் காற்று இல்லை. குசினி ஜன்னல் திறப்பது நாலடி அகலக் குழாய்க் கிணறு போன்ற ஒரு வெளியை நோக்கி. அதற்கு வரைபடத்தில் ஒளிமுற்றம் என்று பெயர். மினெற் டி சில்வா 1950களின் இறுதியில் கண்டி வட்டபுளுவவில் வீடமைப்புத் திட்டம் ஒன்றை வரையும்போது, குடிவரப்போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டு வரைந்தார். அறுபது வருடத்துக்கு மேலாகிறது. மிளகாய் வறுக்கும் சமூகத்துக்கு மூடிய குசினி வைத்தவர்கள் யாரைக் கேட்டார்கள்?

இனி உறுதி விடயம். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான் தொடர்மாடியில் ஒரு வீட்டுக்குத் தனி உறுதியைச் சாத்தியமாக்கின. அதற்குக் கட்டடம் அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டதென்று இணக்கச் சான்றிதழ் வேண்டும், எல்லோரும் 'சீ.ஓ.சி.' என்று சொல்வது அதைத்தான். பிறகு கூட்டாதனத் திட்டப்படம் பதிவாகவேண்டும். அனுமதிக்கு மேல் இரண்டு மாடி ஏற்றிய கட்டடத்துக்கு இந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? கிடைக்காதபோது, சட்டப்படி கட்டிய கீழ்மாடிக்காரருக்கும் தனி உறுதி இல்லை. எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் முழுப்பணத்தையும் கட்டிப் பதினொரு வருடமாகிறது. அவர் கையில் இருப்பது ஓர் ஒப்பந்தமும் ஒரு கட்டுப் பற்றுச்சீட்டுகளும். விற்ற நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டு வேறோர் ஒழுங்கையில் வேறொரு கட்டடம் எழுப்புகிறது. வங்கி அந்த வீட்டை ஈடாக ஏற்காது. தண்ணீருக்குப் பொது மானி. யாராவது மூவர் கட்டணம் கட்டாவிட்டால் எல்லோருக்கும் குழாய் வற்றும். பிள்ளைகள் கேட்கிறார்கள், அப்பாவுக்குப் பிறகு இது யாருடையது என்று. நொத்தாரிசு தோளைக் குலுக்குகிறார்.

இதே நகரத்தில், இதே அதிகார சபை, வேறொரு முகத்தையும் காட்டியது. 2010 இல் அச்சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அந்த மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் படையினர் காவல் நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே 'கவரிங் அப்ரூவல்' பற்றி யாரும் பேசவில்லை. தொடர்ந்து, 'வசதி குறைந்த' குடியிருப்புகள் என்று முத்திரை குத்தப்பட்ட இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு, வனாத்தமுல்லை, தெமட்டகொடைப் பக்கங்களில் எழுந்த மாடிகளில் 400 சதுர அடி தரப்பட்டது. அதற்கும் பத்து இலட்சம் ரூபா தவணையில் கட்டவேண்டும். வெளியேற்றப்பட்டவர்களில் உறுதியுள்ளவர்களும் இருந்தார்கள், பல தலைமுறை இருந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் ஆவணப்படுத்தியிருக்கிறது. 400 சதுர அடிக்குள் மூன்று தலைமுறை. தையல் இயந்திரத்தையோ இடியப்பம் அவிக்கும் அடுப்பையோ வைத்துப் பிழைத்தவருக்கு அங்கே இடமில்லை. விடுவிக்கப்பட்ட காணியின் பெறுமதி என்ன, அது யாருக்குப் போயிற்று என்பதுதான் அந்த மாடிகளின் உண்மையான வரைபடம்.

சட்டத்தால் வளைந்து கொடுக்க முடியாது என்று சொல்லவேண்டாம். 1980களில் பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில், ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த துண்டில் வீடு கட்டமுடியாது என்ற விதியைச் சேரிக் குடியிருப்புகளுக்காகத் தளர்த்தி, இரண்டு பேர்ச்சிலும் கட்ட இடம் கொடுத்தார்கள். ஏழைக்காக வளைந்த அதே விதி இப்போது யாருக்காக வளைகிறது?

பணக்காரரின் நல்ல வீட்டையும் இந்தச் சந்தை விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொள்ளுப்பிட்டியில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, உள்முற்றத்தைச் சுற்றி அமைந்த வீட்டை நவீன நகருக்குள் மீட்டுக்கொண்டு வந்தது. எங்கள் நாற்சார் வீட்டைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். காணி விலைபோனபோது, 2009 இல் அதைக் கல் கல்லாக, ஓடு ஓடாக இலக்கமிட்டுக் கழற்றி லுணுகங்கைக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் பூட்டினார்கள். ஐம்பது வயதுகூட நிரம்பாத வீட்டைப் புராதனச் சின்னங்களுக்கான சட்டம் எட்டவில்லை.

அபிவிருத்தியாளர்களின் பதில் எனக்குத் தெரியும். கட்டுப்பாட்டை இறுக்கினால் விலை ஏறும், வீடு கிடைக்காது என்பார்கள். வெள்ளவத்தையில் கட்டுப்பாடு தளர்ந்து கிடந்த இத்தனை வருடத்தில் விலை எப்போது இறங்கியது? இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம், வாங்குபவரிடம் பெற்ற பணத்தில் 70 வீதத்தை அந்தக் கட்டடத்துக்கான தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. அங்கே கட்டடத் தொழில் செத்துப்போய்விடவில்லை. அத்தகைய ஒரு பூட்டு எமக்கும் வேண்டும். வணிகத்துக்காகக் கட்டப்படும் மாடிகளுக்குக் 'கவரிங் அப்ரூவல்' அடியோடு நீக்கப்படவேண்டும்.

அதெல்லாம் நாடாளுமன்றத்துக்குப் போய் வர வருடங்கள் ஆகும். மாநகரசபை நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டடம் எழும் ஒவ்வொரு காணியின் முன்னாலும் மூன்று மொழிகளிலும் ஒரு பலகை: அனுமதி இலக்கம், அனுமதித்த திகதி, அனுமதித்த மாடிகளின் எண்ணிக்கை. குடிபுகுந்த பிறகும் அந்தப் பலகை வாசலில் இருக்கவேண்டும், இணக்கச் சான்றிதழின் இலக்கத்தோடு. மாடிகளை எண்ணும் வேலையைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.