கவசமா, கண்கட்டு வித்தையா?

காய்ச்சல் கண்டால் தாயத்து, கண் பட்டால் தாயத்து, காரியம் கைகூடவும் தாயத்து! அந்த வரிசையில் இன்று கைப்பேசிக்கும் ஒரு தாயத்து வந்து சேர்ந்திருக்கிறது. முதுகில் ஒட்டினால் போதுமாம். கதிர்வீச்சு கைகட்டி நின்றுவிடுமாம்!

சந்தையில் கூவி விற்பவன் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். சொன்னவர் யார்? மத்திய அரசு அமைத்த ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவராக அன்று இருந்த வல்லபாய் கதிரியா! 2020 அக்டோபரில், பசுஞ்சாணத்தால் ஆன சில்லு ஒன்றை ஊரறியக் காட்டினார். கைப்பேசியில் இதை வைத்தால் கதிர்வீச்சு குறையும், நோய் அண்டாது, இது அறிவியல் மெய்ப்பித்த உண்மை என்றார். குஜராத்தின் ராஜ்கோட்டில் தயாரிக்கப்பட்டது அது. விலை 50 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை.

நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் கையொப்பமிட்டுக் கேட்டனர்: ஆய்வு எங்கே நடந்தது? நடத்தியவர் யார்? முடிவு எந்த ஏட்டில் வெளிவந்தது? மெய்ப்பித்தாயிற்று என்று முழங்கியவர், கேட்கும் முன்பே தந்திருக்க வேண்டிய விடைகள் அல்லவா அவை!

சாணத்தோடு முடிந்ததா இந்தச் சாமர்த்தியம்? இல்லை. சீமையிலும் உண்டு. 2020-இல் பிரிட்டனில், 5ஜி அலையிலிருந்து வீட்டையே காக்கும் என்று சொல்லி ஒரு கருவியை ஏறத்தாழ 340 பவுனுக்கு விற்றார்கள். பிரித்துப் பார்த்தால், சுமார் 5 பவுன் பெறுமான சாதாரண பென் டிரைவ்! நெதர்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. 5ஜி-யைத் தடுக்கும் என்று விற்ற கழுத்தணி, கைவளை முதலிய 10 பொருள்களை அந்நாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் சோதித்தது. அவையே அணுக்கதிர்வீச்சை உமிழ்ந்தன! அணியாதீர், எடுத்து வையுங்கள் என்று எச்சரித்தது ஆணையம். காவலுக்கு வைத்தவனே கன்னம் வைத்த கதை!

கைப்பேசி எப்படிப் பேசுகிறது? வானொலி அலையை அனுப்பியும் வாங்கியும் பேசுகிறது. அவர்கள் பூச்சாண்டி காட்டும் கதிர்வீச்சு அந்த அலைதான். அலையை முற்றாகத் தடுத்தால் பேச்சும் அற்றுப்போகும். பேச்சு தடையின்றி நடக்கிறதா? அலை தடுக்கப்படவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? நாற்புறமும் பரவும் அலைக்கு ஓரிடத்தில் சில்லு ஒட்டுவது, கட்டிலின் ஒரு காலில் கைக்குட்டையைக் கட்டிவிட்டுக் கொசு வராது என்பது போன்றது.

உண்மையாகவே சிறிது மறைக்கும் தகடாக இருந்தால்? டவரை எட்ட முடியாமல் கைப்பேசி தன் வலுவைக் கூட்டும். அலை முன்னிலும் மிகுதியாக வெளிப்படக் கூடும். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தரும் எச்சரிக்கை இது. 97 விழுக்காடு, 99 விழுக்காடு தடுப்போம் என்று விளம்பரம் செய்த நிறுவனங்கள் மீது 2002-இலேயே நடவடிக்கை எடுத்த ஆணையம் அது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்று கேட்பது நியாயம். இந்த அலை எக்ஸ்ரே போன்றதன்று. அணுவை அயனியாக்கும் ஆற்றல் அதற்கில்லை. 2011-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை ஐயப் பட்டியலில் வைத்தது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்போ, மூளைப் புற்றோடு கைப்பேசிக்குத் தொடர்பு காணவில்லை. இந்தியாவில் கைப்பேசிக்கு எல்லை, உடலின் கிலோவுக்கு 1.6 வாட்.

அதற்கும் மேல் எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறாயா, தோழா? காதிலிருந்து கருவியைத் தள்ளி வை. ஒலிபெருக்கியில் பேசு. சிக்னல் மங்கிய இடத்தில் நீட்டிப் பேசாதே. தூரம் கூடக் கூட அலை மெலியும். இந்தக் கவசத்துக்குக் காசு இல்லை; ஆகவேதான் இதற்கு விளம்பரமும் இல்லை!

50 ரூபாய்தானே என்பர் சிலர். மூட்டை சுமந்தவனைக் கேளுங்கள், 50 ரூபாயின் எடை என்னவென்று! அச்சத்தை விதைத்து ஆதாயத்தை அறுவடை செய்யும் இந்த வாணிகத்துக்கு அரசின் பெயர் துணை போவது வெட்கக்கேடு. சான்று காட்டாத சரக்கைக் காப்பு என்று விற்கத் தடை வேண்டும். அது வரும்வரை, விற்க வருபவனிடம் அந்த மூன்று கேள்விகளையே கேளுங்கள்: எங்கே? யார்? எந்த ஏட்டில்?

விடை வரட்டும், பிறகு பையைத் திறக்கலாம்!