ஷிப்டு என்றொரு சொல்



ஆங்கிலச் சொற்களுள் சில, பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவர் நாவிலும் தடையின்றிப் புழங்குகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் அவ்வாறு வேரூன்றிவிட்ட சொல் ஷிப்டு. "பையனுக்கு இந்த வாரம் சி ஷிப்டு, சாமி" என்று எழுத்தறியாத பாட்டியும் சொல்லுவார். இரவில் போனவன் விடிந்த பின்னரே திரும்புவான், பகலில் அவனை எழுப்பலாகாது என்பது அதன் விளக்கம். அதே பாட்டி, வாடகை வீடு மாறுவதையும் ஷிப்டு என்கிறார். திருவள்ளூரில் சேர்த்த நோயாளியைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால், "ஷிப்டு பண்ணிட்டாங்க" என்று கவலையோடு கூறுகிறார். இச்சொல்லின் பூர்வீகம் யாது என்று சற்றே துருவிப் பார்த்தோம்.

பழைய ஆங்கிலத்தில் இதற்குப் பங்கிடுதல், வகுத்து ஒழுங்குபடுத்துதல் என்பனவே பொருள். இதற்கு உறவான செருமானியச் சொல் இன்றும் அடுக்கு என்ற பொருளையும், தொழிலாளரின் பணிமுறை என்ற பொருளையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது. பங்கிடுதல் என்பது நாளடைவில் இடம் மாற்றுதல் என்றாயிற்று. உடை மாற்றுவதையும் அது குறிக்கவே, பதினேழாம் நூற்றாண்டில் பெண்டிரின் உள்ளுடைக்கே நாகரிகமான ஒரு பெயராக அமைந்தது. அந்த நாகரிகமும் நிலைக்கவில்லை. 1907-ஆம் ஆண்டு டப்ளின் நகரில், ஆபி நாடக அரங்கில், சிங் என்பார் எழுதிய நாடகத்தில் இச்சொல் ஒலித்தபோது கூட்டத்தினர் வெகுண்டெழ, அரங்கமே அமளிப்பட்டது. நாடகத்தின் மீது அவர்களுக்கு வேறு குறைகளும் இருந்தன என்றாலும், ஒரு சட்டையின் பெயருக்கு அவ்வளவு சினம் மிகை என்பதே நம் எண்ணம்!

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் லோயர், ஹையர் தேர்வு எழுதியோருக்கு இன்னொரு ஷிப்டு நினைவிருக்கும். 1878-இல் வெளிவந்த இரண்டாம் ரெமிங்டன் பொறியில் அந்த விசையை அழுத்தினால் தாளைத் தாங்கும் உருளை உண்மையாகவே இடம் பெயரும். பெரிய எழுத்து விழும். இன்று கணினியில் எதுவும் பெயர்வதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆயினும் நம் பகுதியில் ஷிப்டு என்றால் வேலைதான். இங்குள்ள இரும்பு உருக்கும் ஆலைகளில் உலையைத் தினந்தோறும் மாலையில் அணைத்து மறுநாட்காலையில் மூட்டுவதென்பது இயலாது. ஆறிய உலையை மீண்டும் சூடேற்ற எரிபொருளும் நேரமும் வீணாகும். உள்ளே உருகிய இரும்பு இறுகினால் உலையே பாழாகும். எனவே நெருப்பு ஓயாது. மனிதர்தாம் மாறி மாறி ஓய வேண்டும். நாள் ஒன்றை மூன்றாகப் பங்கிட்டு ஆளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுக்கும்போது, பங்கிடுதல் என்ற ஆதிப் பொருள் இச்சொல்லுக்கு மீண்டும் வாய்த்துவிடுகிறது.

இந்த எட்டு மணி நேரம் எளிதில் கிட்டியதன்று. நம் நாட்டில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலை ஆண் தொழிலாளருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தை எல்லையாக வைத்தது. 1922-இல் அது வாரத்துக்கு 60 மணி என்றும், 1934-இல் 54 மணி என்றும் குறைந்தது. வைசிராயின் ஆட்சிக்குழுவில் தொழிலாளர் துறையை வகித்த டாக்டர் அம்பேத்கரின் முயற்சியால் 1946-இல் 48 மணி ஆயிற்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தி, மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்றும் விதித்தது. இவ்வளவுக்குப் பின்னும், 2023 ஏப்ரல் 21 அன்று நம் மாநிலச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தம் ஒன்று நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடிய 1923-க்குச் சரியாக நூறாண்டு கழித்து நிகழ்ந்தது இது.

ஏட்டில் திரும்பப் பெற்றாலும் நடைமுறையில் பன்னிரண்டு மணி மறைந்துவிட்டதா? நம்மிடம் வந்து சொல்லுவோரின் வாய்மொழியைக் கேட்டால் இல்லையென்றே தோன்றுகிறது. "ரிலீவர் வரலைங்க சாமி, அப்படியே டபுள் பார்த்துட்டு வந்தேன்" என்பார்கள். நிரந்தரத் தொழிலாளருக்கு வாரந்தோறும் ஷிப்டு மாறும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்க்கும் மாதக்கணக்கில் இரவே வாய்க்கும் இடங்களும் உண்டு. முறைமாற்றம் இல்லையேல் அதற்கு ஷிப்டு என்ற பெயர்தான் பொருந்துமா?

முறை என்றோம். இதற்கேற்ற தமிழ்ச் சொல் அதுவே. நம் மாவட்டத்து ஏரிப்பாசன ஊர்களில் வயதான உழவரைக் கேட்டால் தண்ணீர் முறை என்பதை விளக்குவார். ஏரியில் நீர் குறையும்போது ஒவ்வொருவர் வயலுக்கும் இன்ன நேரம் என்று வகுப்பார்கள். தம் முறை நள்ளிரவில் வந்தால் அரிக்கன் விளக்கோடு போய் மடை திருப்புவார்கள். அங்கும் இரவு விழிப்பு உண்டு. ஆனால் கடைமடைக்காரனுக்கும் ஒரு முறை உறுதியாக வந்தே தீரும். தமிழர் இந்த ஒரே சொல்லால் உறவையும் குறித்தனர். அரசன் நீதி வழங்குவதை முறை செய்தல் என்றனர். நீதி கிட்டாதவன் முறையிட்டான். ஷிப்டு என்னும் சொல்லில் பங்கீடு உண்டு, மாற்றம் உண்டு. நீதியும் உறவும் அதில் இல்லை. அவற்றை நாம்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

திருமறைக்கும் இது புதிதன்று. எருசலேம் ஆலயத்துக் குருக்கள் இருபத்துநான்கு பிரிவுகளாக முறைவைத்துப் பணிபுரிந்தனர். அபியா பிரிவின் முறை வந்தபோதுதான் செக்கரியாவுக்கு வானதூதர் தோன்றினார். மீட்பர் பிறந்த நற்செய்தியை முதலிற் கேட்டவரும் இரவுக் காவலில் இருந்த இடையர்களே. பன்னிரண்டாம் பத்திநாதர் 1953 சனவரியில் மாலைத் திருப்பலிக்கு வழிவகுத்து, நற்கருணை நோன்பையும் தளர்த்தியபோது, பகலும் இரவும் முறைமாறி ஆலைகளில் உழைப்போரின் களைப்பை வெளிப்படையாகவே குறிப்பிட்டார். சனி மாலைத் திருப்பலியிலும் ஞாயிறு கடனை நிறைவேற்றலாம் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். ஆலயத்தில் முகம் காணாதவரை உடனே அசட்டைக்காரர் என்று எண்ணுவோர் இதை மனத்திற் கொள்ளல் நலம்.

உறவைப் பற்றிச் சொன்னோம். கணவர் ஓர் ஆலையில் இரவிலும், மனைவி வேறோர் ஆலையில் பகலிலும் உழைக்கும் இல்லங்கள் இங்கு உண்டு. சாவியும் குழந்தையும் வாசற்படியிலே கைமாறுகின்றன. உப்பு தீர்ந்ததும் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தே தெரிவிக்கப்படுகின்றன. சண்டையிடக்கூட நேரம் வாய்ப்பதில்லை என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். நம்மால் சிரிக்க முடியவில்லை. உடலுக்கும் இது எளிதன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இலும் மீண்டும் 2019-இலும், இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. பிள்ளையை இருவரும் ஒருசேரக் காணும் ஒரு நாளாவது வாரத்தில் அமையும்படி ஷிப்டு கேட்டுப் பெறுவது சலுகையன்று என்பதை, மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் நம் பங்கினர் சிலரேனும் உணர்தல் வேண்டும்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் கவனத்தை ஈர்த்த பிரிவொன்று உண்டு. நள்ளிரவைத் தாண்டி உழைப்பவனுக்கு விடுமுறை நாள் என்பது அவன் ஷிப்டு முடியும் கணத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று அது வரையறுத்தது. அவனுடைய நாள் நம்முடைய நாள் அன்று எனச் சட்டமே ஒப்புக்கொண்டது. நம் திருவிழாக் குழுவினர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாதென்ற விதியை ஒருவாறு காத்து, ஆறு அடித்ததும் நவநாள் பாடலை நான்கு தெருவுக்கும் முழக்குகிறார்கள். சி ஷிப்டுக்காரருக்கு அப்போதுதான் இரவு பிறக்கிறது. வரும் ஞாயிறு குழு கூடும்போது, கூம்பு ஒலிபெருக்கிகளை இறக்கிவிட்டு ஆலயத்துக்குள் மட்டும் பெட்டி வைப்பதைப் பற்றி முதலில் பேசுவோம்.