அடையாளம் தீர்ப்பாகுமோ?

இளமையிலே முதுகு நோகின்றதென்பானை உலகம் சோம்பேறியென்றே கொள்கின்றது. ஆயினும், விடியலில் முதுகு மரம்போல் விறைத்திருந்து, நடமாடிய பின்னர்ச் சிறிது சிறிதாய்த் தளருமாயின், அது சோம்பலன்று. முள்ளந்தண்டின் மூட்டுக்களில் அழற்சியை விளைத்து, நாளடைவிற் சிலருக்கு எலும்புகளையே ஒன்றோடொன்று பிணைத்துவிடும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் நோயாகவும் இருத்தல் கூடும். இது பெரும்பாலும் 45 வயதிற்கு முன்னரே தோன்றுவது. ஓய்வினால் தணியாது, உடற்பயிற்சியால் தணிவது.

எம் விடுதித் தோழரொருவர் இந்நோயுற்றார். இரத்தத்தைச் சோதித்து, 'எச்.எல்.ஏ.-பி27 உண்டு' என எழுதிக் கொடுத்தனர். அது கேட்ட உற்றார், நோவொன்றுமறியாத அவர்தம் தங்கைக்கும் அச்சோதனை செய்வித்து, அவளுக்கும் அஃது உண்டெனக் கண்டு, மணப்பேச்சை நிறுத்திவிட்டனர். இது நீதியாமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

எச்.எல்.ஏ. என்பன நம் உயிரணுக்களின் மேற்புறத்தே நிற்கும் புரதங்கள். அணுவினுள்ளே உள்ள புரதத் துணுக்குகளை வெளியே ஏந்தி, டி-வெள்ளணுக்களுக்குக் காட்டுதல் இவற்றின் தொழில். துணுக்கு அயலதாயின் வெள்ளணு அவ்வணுவை அழிக்கும். பி27 என்பது இவற்றுள் பெற்றோர்வழி வரும் ஒருவகை. இதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலீஸிலும் அறிஞர் தனித்தனியே கண்டனர். ஐரோப்பிய நோயாளருள் நூற்றுவரில் ஏறக்குறைய 90 பேர் இதனையுடையர். ஆனால் இதனையுடைய நூற்றுவரில் நோயுறுவோர் சிலரே. சுமார் 5 பேர் என்பர். முன்னையதைக் கேட்டுப் பின்னையதைக் கேளாமையே உற்றாரது பிழை.

பி27 நோயை விளைக்குமாறும் இன்னும் முடிந்த முடிபன்று. உடலின் சொந்தத் துணுக்கை அயலதென வெள்ளணு மயங்குகின்றதென்பர் ஒருசாரார்; அப்புரதம் அணுவினுள்ளே பிழைபட மடிகின்றதென்பர் மற்றொரு சாரார்; அணுவின்மேல் இரண்டிரண்டாய் இணைந்து பிற வெள்ளணுக்களைக் கிளர்த்துகின்றதென்பர் வேறு சிலர். 1990-இல் மனிதரது பி27 மரபணுவை எலிகளுட் புகுத்த, அவற்றிற்குக் குடலழற்சியும் மூட்டழற்சியும் உண்டாயின. 1994-இல், கிருமியற்ற சூழலில் வளர்த்த அத்தகைய எலிகளுக்கு அவ்விரண்டும் தோன்றவில்லை. ஆகவே வித்து மட்டும் விளைவாகாது.

அங்ஙனமாயின் சோதனை வீணோ எனின், அன்று. நோய்க்குறியுடையானுக்கு அது வைத்தியர் கையில் விளக்காகும். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-17 முதலிய அழற்சித் தூதுப்பொருள்களைத் தடுக்கும் மருந்துகள் இன்று உள. காலத்தே அறிதல் நலமே. நோவில்லாதாளுக்கோ அது விளக்கன்று, வீண் அச்சமே.

ஆதலின், முதுகு நோவானைச் சோம்பேறியென்னாது வைத்தியரிடம் அனுப்புமின். நோவில்லாதாளை ஒரு சீட்டுக்கொண்டு நோயாளியாக்காதிருமின். அடையாளம் வேறு, நோய் வேறு என்பதே எமது துணிபு.