எட்டுச் சாட்சிகள், விசாரணையோ இல்லை

அரசியற் பத்திரிகையில் திரைப்படத்துக்கு இடமேது என்று அன்பர் சிலர் வினவலாம். ஒரு நாட்டின் தலைவர் பொதுச் சதுக்கத்திலே சுடப்படுவதைப் பலர் கண்கொண்டு காட்டி, முடிவில் இதுவே உண்மையெனத் தீர்ப்பும் வழங்குகின்ற படம் அரசியலன்றி வேறென்ன? 2008ஆம் ஆண்டிலே பீற் ற்ராவிஸ் என்பவரின் நெறியாள்கையில் ஹொலிவூட்டிலிருந்து வெளிவந்த 'வன்ரேஜ் பொயின்ற்' என்னும் படத்தையே குறிப்பிடுகின்றோம். பார்வைக்கு வாய்ப்பான இடம் என்பது அப்பெயரின் பொருள்.

கதை நிகழுமிடம் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரம். பயங்கரவாதத்துக்கெதிரான மாநாட்டுக்கென வந்த அமெரிக்க ஜனாதிபதி மேடையேறியதும் சுடப்படுகிறார். சற்றைக்கெல்லாம் குண்டுகள் வெடிக்கின்றன. (நாம் காணும் சதுக்கம் சலமன்காவினுடையதன்று, மெக்சிக்கோவிலே கட்டிய மாதிரி.) தொலைக்காட்சித் தயாரிப்பாளர், மெய்க்காவலர், உள்ளூர்ப் பொலிஸ்காரர், படக்கருவியுடன் வந்த உல்லாசப் பயணி என்று ஒருவர் பின் ஒருவராக அதே நிமிடங்களை மீண்டும் வாழ்கின்றனர். ஒவ்வொரு முறையும் கடிகாரம் நண்பகலுக்குத் திரும்புகிறது. எட்டுப் பேர் கண்ட ஓர் உண்மை என்பதே விளம்பரம்.

எட்டுப் பேர் என்பதனால் மட்டும் என்ன ஆகிவிடும்? எமது நீதிமன்றங்களில் வழங்குகின்ற 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, ஒரு சங்கதியை நிரூபிப்பதற்கு இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நியதி இல்லை என்கிறது. சாட்சிகளை எண்ணுவதில்லை, நிறுப்பதே வழக்கம். காணி எல்லை வழக்கொன்றைக் கண்ட கமக்காரர் எவரும் இதனை அறிவர். பூவரசு நின்ற இடமே எல்லை என்பார் ஒருவர். வேலி உள்ளே தள்ளப்பட்டது என்பார் அயலவர். இருவர் கண்டதும் ஒரே வேலிதான். எனினும் இருவர் சொல்லும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. குறுக்கு விசாரணை அவ்விடத்திலேதான் பிறக்கிறது. நீர் எங்கே நின்றீர்? எப்பொழுது கண்டீர்? இதனால் உமக்காவது என்ன?

இப்படத்தில் ஒரு சாட்சியின் சொல்லை மற்றொரு சாட்சி மறுப்பதேயில்லை. எல்லோர் கண்ணும் ஒன்றையே காண்கின்றது. வேறுபடுவது படமாக்கியோர் மறைத்துவைத்த பகுதி மட்டுமே. டெனிஸ் குவைட் நடிக்கும் மெய்க்காவலர் தொலைக்காட்சி வண்டியினுள்ளே பதிவொன்றைப் பார்த்துத் திடுக்கிட்டு ஓடுகிறார். அவர் கண்டது என்ன? அவருடைய பார்வையிலேயே கதை நடக்கின்றதெனச் சொல்லிவிட்டு, அவர் கண்டதை எமக்குக் காட்டாமல் கடிகாரத்தைத் திருப்பிவிடுகின்றனர். உடன் பணிபுரிந்த காவலனே துரோகி என்பதை வெகுநேரத்தின் பின்னரே அறிகின்றோம். சாட்சிக் கூண்டிலேறிய ஒருவர், தாம் கண்டதை அடுத்த தவணையில் உரைப்பேன் என்று இறங்கிப்போனால் எந்த நீதவான் பொறுப்பார்?

இம்முறை கையாளத் தெரியாத முறையன்று. 1950இல் அகிரா குரோசாவா எடுத்த 'ரஷோமொன்' படத்திலே கொள்ளைக்காரன், கொலையுண்டவனின் மனைவி, ஊடகப் பெண்ணின் வாயிலாக இறந்தவனே என மூவர் மூன்று விதமாகக் கூறுகின்றனர். விறகுவெட்டியின் சொல்லும் கறையுடையதே. ஒவ்வொருவரும் தம்மை எவ்வாறு காண விரும்பினர் என்பது அப்பொய்களினூடே தெரிகிறது. நாலாண்டு கழித்து எஸ். பாலசந்தர் தமிழிலே 'அந்த நாள்' எடுத்தார். பாட்டில்லை, நடனமில்லை. வானொலிப் பொறியியலாளனின் கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டிப் பேசுகையில், ஒரு வீட்டின் பேராசையும் பகையும் வெளிவருகின்றன. அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் அரைப்பங்கு துணிவேனும் இப்படத்துக்கு வாய்த்திருக்கலாகாதா?

எனினும் எமது பெருங்குறை வேறு. எட்டுப் பார்வை என்றனரே, குற்றஞ்சாட்டப்பட்டோரின் பார்வை எங்கே? அவர்கள் துப்பாக்கியைத் தூரத்திலிருந்து இயக்குவதையும், விடுதிக்குள் புகுந்து ஜனாதிபதியைக் கடத்துவதையும் நுணுக்கமாகக் காட்டுகின்றனர். ஏன் செய்தனர் என்பதை விளங்கவைக்கும் காட்சியொன்றேனும் இல்லை. சகோதரனைப் பணயமாகப் பறிகொடுத்த ஒருவனுக்கு மாத்திரம் காரணம் உண்டு. அதுவும் பிறர் அவனை ஏவியதற்கான காரணமே. மறுதரப்பையும் கேள் என்பது எமது தொழிலின் அரிச்சுவடி. கேட்பது வேறு, ஏற்பது வேறு. கொலைஞனின் வாக்குமூலத்தைக் கேட்ட நீதிபதி கொலையை மெச்சினார் என்று எவரும் சொல்வதில்லை. கேளாமையினாலே கதைக்கும் கேடு: மக்கள் திரண்ட சதுக்கத்தைக் கூசாமல் தகர்த்த அதே கூட்டம், ஓடும் வண்டியின் முன்னே ஒரு சிறுமி வந்ததும் வண்டியைத் திருப்பிக் கவிழ்கிறது! அவர்கள் நெஞ்சை முன்னரே திறந்து காட்டியிருந்தால் இதனை நம்பியிருப்போம்.

விரைவும் ஓட்டமும் படத்தில் உண்டு. நெருக்கமான தெருக்களிலே கார்கள் துரத்தும் காட்சி சலிப்பூட்டவில்லை. பொரஸ்ற் விற்றேக்கரின் உல்லாசப் பயணி கண்ணிலே மனிதத் தன்மை தெரிகிறது. செலவிட்டதைப் போல் மும்மடங்குக்கு மேல் வசூலும் வந்ததாம். அது படமாக்கியோரின் கணக்கு.

இறுதியிலே தொலைக்காட்சிச் செய்தி ஒன்று வருகிறது. தனி ஒருவனே சுட்டான், அவனும் கொல்லப்பட்டான், ஜனாதிபதி நலம் என்பது அச்செய்தி. அது முழுப் பொய் என்பது அதுவரை கண்ட எமக்குத் தெரியும், மெய்க்காவலருக்கும் தெரியும், ஜனாதிபதிக்கும் தெரியும். அந்தப் பொய்யை மறுக்க எட்டுச் சாட்சிகளில் ஒருவரையேனும் படம் மீண்டும் கூண்டுக்கு அழைக்கவில்லை. கடிகாரமும் அதன்பின் திரும்பவில்லை.