யாருடைய மணிக்கணக்கு?

மதுரையிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் ஒன்றேகால் மணி நேரமே பிரயாணம் என்று பெருமையுடன் கூறப்படுகிறது. இக்கணக்கு பொய்யன்று. ஆயினும் அது விமானத்தின் கணக்கேயன்றி ஜனங்களின் கணக்கன்று.

விருதுநகரிலோ சிவகாசியிலோ விமான நிலையம் கிடையாது. சிவகாசி வியாபாரி ஒருவர் சென்னைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதுரை விமான நிலையம் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி. சோதனைகளுக்காக முன்கூட்டிக் காத்திருப்பது ஒன்றரை மணி. ஆகாயத்தில் ஒன்றேகால் மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் நுழைய மேலும் ஒரு மணி. ஒன்றேகால் மணி ஐந்தேகால் மணியாகிவிட்டது! 2023 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் ரயிலில் விருதுநகரில் ஏறுகிறவர் ஏழு மணிக்குள் எழும்பூரில் இறங்கிவிடுகிறார். விமானம் மிச்சப்படுத்தும் நேரம் இவ்வளவுதான். சிவகாசியின் சரக்குக்கோ இதுவும் இல்லை. பட்டாசைப் பிரயாணிகள் விமானத்தில் ஏற்றுவதற்குச் சட்டம் இடங்கொடாது. அது லாரியில் பல நாள் ஓடித்தான் வடநாட்டை அடைகிறது.

வியாபாரி ஒரு மணி முன்னே போனாலும் பின்னே போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஒரு மணியில் உயிர் போகும் பிரயாணம் ஒன்று இவ்வட்டாரத்தில் உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசுத் தொழிற்சாலையில் நேர்ந்த கோர விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னும் விபத்துக்கள் ஓய்ந்தபாடில்லை. சிவகாசி அரசு வைத்தியசாலையில் தீக்காயச் சிகிச்சை உண்டு. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவற்றை நாம் மறுக்கவில்லை. இருந்தும், உடல் வெந்த தொழிலாளிகள் பலர் எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மதுரை இராஜாஜி வைத்தியசாலைக்கன்றோ கொண்டு செல்லப்படுகின்றனர்? அந்தச் சாலையில் ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகம்.

தேசத்தின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து தரும் கைகள் இவை. தீபாவளியன்று நாடெங்கும் குழந்தைகள் களிப்பது இவர்களுடைய உழைப்பால். அவர்கள் கேட்பது தயவன்று; நியாயம்.

சென்னை உள்நாட்டு விமான முனையத்துக்கு விருதுநகர் ஈன்ற காமராஜரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பொருத்தமான மரியாதைதான். ஆனால் அப்பெரியார் தூரத்தை அளந்த கோல் வேறு. கிராமத்துக் குழந்தை கால்நடையாகப் போய்வரக்கூடிய தூரத்தில் பள்ளிக்கூடம் இருத்தல் வேண்டுமென்று அவர் கருதினார். வசதி படைத்தவனின் வேகத்தைக் கொண்டு அவர் அளக்கவில்லை. ஏழைக் குழந்தையின் கால்களைக் கொண்டு அளந்தார்.

அதே கோலைச் சர்க்கார் இன்று கையிலெடுக்க வேண்டும். எவ்வளவு கடுமையான தீக்காயத்துக்கும் முழுச் சிகிச்சை, போதிய நிபுணர்களுடன், இரவு பகலாகச் சிவகாசியிலேயே கிடைக்க வேண்டும். இதற்குப் பணமில்லை என்று எவரும் சொல்லத் துணியார். பட்டாசின் மீது வரி வசூலிக்கும் கைக்குக் கொடுக்கும் கடமையும் உண்டு. சென்னை எவ்வளவு அருகில் வந்துவிட்டதென்று பேசியது போதும். வெந்த உடலுக்கு வைத்தியசாலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே நம் கேள்வி.