தீவகச் சனசமூக நிலையங்களின் நிதி காக்கப்பட வேண்டும்

பிரதேச சபைகளின் வருடாந்தப் பாதீடு தயாராகும் காலம் வந்தால் வீதிகள், வடிகால்கள், தெருவிளக்குகள், சந்தைகள் ஆகியன பற்றியே பெரிதும் பேசப்படுவது வழக்கம். பாதீட்டு ஏட்டின் ஒரு மூலையில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடும் சனசமூக நிலையங்களுக்கான நன்கொடை, வாசிகசாலைகளுக்கான பத்திரிகைக் கொடுப்பனவு போன்றவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. தொகை சிறியது, கேட்பாரும் குறைவு. ஆகையால் நெருக்கடி ஏற்படும்போது முதலில் கத்தரிக்கப்படும் ஆபத்து இந்த ஒதுக்கீட்டிற்கே உண்டு. தீவகத்தைப் பொறுத்தவரை இது ஒரு சிறிய விடயமன்று என்பதை நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.

குடாநாட்டின் ஏனைய பகுதிகளில் ஒருவர் தமது பிரதேச சபைக்குச் சைக்கிளில் சென்று ஒரு மணி நேரத்தில் அலுவலை முடித்துத் திரும்பலாம். அனலைதீவு, எழுவைதீவு மக்களின் நிலை அவ்வாறானதன்று. அவர்களது சபை ஊர்காவற்றுறையில் இருக்கின்றது. அங்கு செல்லக் கடல் கடக்க வேண்டும். நயினாதீவு மக்கள் வேலணை பிரதேச சபையை அடைவதற்குக் குறிகட்டுவான் இறங்குதுறைவரை படகிலும், பின்னர் தரைவழியாகவும் செல்ல வேண்டும். கடல் கொந்தளித்தால் படகில்லை. படகில்லையேல் சபையும் இல்லை. நெடுந்தீவுக்குத் தனியான பிரதேச சபை உண்டு. எனினும் ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பில் சுமார் 4,000 பேர் மட்டுமே சிதறி வாழும் அத்தீவில் சபை திரட்டக்கூடிய வருமானம் எத்தகையது என்பதை எவரும் ஊகிக்கலாம். இந்நிலையில் ஒரு தீவின் குறைகளைத் திரட்டி எழுத்தில் வடித்துச் சபையின் மேசைக்குக் கொண்டுசேர்க்கும் வாயிலாக இருப்பவை அங்குள்ள சனசமூக நிலையங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுமேயாகும்.

இவற்றின் பெறுமதியை உணர்வதற்கு வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நன்று. ஒரு காலத்தில் எமது ஊர்களுக்குக் கிராம சபைகள் இருந்தன. குறைபாடுகள் பலவற்றை அவை கொண்டிருந்தபோதிலும், ஊரவர் தமது ஊருக்குள்ளேயே தெரிவு செய்து தட்டிக்கேட்கக் கூடிய நிருவாகமாக அவை விளங்கின. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் உருவாக்கப்பட்டபோது கிராம சபைகள் இல்லாதொழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பிரதேச சபைகள் தோற்றம் பெற்றன. ஆயினும் அவை பல ஊர்களையும், தீவகத்திலோ பல தீவுகளையும், ஒன்றாக இணைத்த பெரிய அலகுகளாகும். கிராம மட்டத்தில் ஏற்பட்ட வெற்றிடத்தைச் சட்ட அதிகாரம் எதுவுமின்றி, ஊரவரின் உழைப்பை மட்டுமே நம்பி நிரப்பி வந்தவை சனசமூக நிலையங்களாகும்.

யாழ்ப்பாணத்தின் வாசிப்புப் பண்பாடும் இத்தகைய சிறிய அறைகளிலேயே வேரூன்றியது. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1933இல் க.மு.செல்லப்பா என்பவரின் இல்லத்தில் ஆரம்பித்த சிறு முயற்சியிலிருந்து வளர்ந்ததே என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அந்நூலகத்திற்கு அரசாங்கம் 10 கோடி ரூபாவை ஒதுக்கியமை வரவேற்கத்தக்கது. ஆனால் நெடுந்தீவு மாணவன் ஒருவனுக்கு அப்பெரிய நூலகத்தின் கதவு நாள்தோறும் திறந்திருப்பதாகக் கொள்ள முடியாது. அவனுக்குத் திறந்திருக்கக் கூடியது அவனது ஊர் வாசிகசாலையின் கதவு மட்டுமே. அதுவும் பூட்டப்படுமாயின் நூலக மீட்பைப் பற்றி நாம் கொள்ளும் பெருமை தீவகத்தின் கரையைத் தொடாமலேயே போய்விடும்.

இன்றைய நிலைமைக்கு அண்மைக்கால நிகழ்வுகளும் காரணமாகும். உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல், நிதியில்லை என்ற காரணத்தால் நடைபெறாது போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெற்று, ஜூன் மாதம் புதிய சபைகள் பதவியேற்கும்வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாத நிருவாகமே நிலவியது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்ரோபரிலேயே முடிந்துவிட்டது. பிரதிநிதிகள் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில் ஊர் அமைப்புகளின் குரலைச் சபைக்குள் எழுப்புவதற்கு எவரும் இருக்கவில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியினால் பத்திரிகை, தளபாடம், மின்சாரம் ஆகிய யாவற்றினதும் விலை பன்மடங்காகியது. இத்தகைய காலத்தில் ஒதுக்கீட்டைக் கூட்டாது பழைய தொகையிலேயே வைத்திருப்பதும் ஒருவகைக் குறைப்பேயாகும்.

புலம்பெயர்ந்த உறவுகள் தமது ஊர்களுக்கு அள்ளி வழங்கும்போது சபையின் சொற்ப நன்கொடை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு போன்ற ஊர்களைச் சேர்ந்தோர் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இருந்து ஆற்றிவரும் பணி போற்றுதற்குரியதே. ஆனால் அந்நிதி கொடுப்பவரின் ஊருக்கும், அவர் கற்ற பாடசாலைக்கும், அவர் வணங்கும் ஆலயத்திற்குமே இயல்பாகச் செல்லும். வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடியேற்றத்திற்கும், நாளாந்தம் கடலை நம்பி வாழும் மீனவர் குடியிருப்பிற்கும் அது சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலும், நன்கொடையாளரிடம் நாம் வேண்டுகோள் மட்டுமே விடுக்க முடியும். சோலைவரியையும் கட்டணங்களையும் பெற்றுக்கொள்ளும் சபையிடமோ உரிமையுடன் கணக்குக் கேட்க முடியும். இந்த வேறுபாடு மிக முக்கியமானதாகும்.

இவ்விடத்தில் எமது முஸ்லிம் சகோதரர்களையும் நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலேயே இன்னமும் வாழ்கின்றனர். மீளத் திரும்பிய குடும்பங்களும் ஒரு காலை இங்கும் மறுகாலை அங்கும் வைத்து வாழ நிர்ப்பந்திக்கப்பட்டுள்ளன. தீவகத்திலும் பள்ளிவாசல்கள் உள்ளன; அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்தோரின் நினைவுகளும் உள்ளன. சனசமூக நிலையம் ஊரில் வசிக்கும் அனைவருக்கும் உரியது. அதன் அங்கத்தவர் ஏட்டில் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பத்தின் பெயரும், நிருவாக சபையில் அவர்களது பிரதிநிதியும் இடம்பெறுவதே மீள்குடியேற்றத்தின் உண்மையான அடையாளமாகும். பொது நிதியைப் பெறும் அமைப்பு ஒரு சாராருக்கு மட்டும் கதவைத் திறக்குமாயின், அந்நிதியைக் கோருவதற்கான தார்மீக உரிமையை அது இழந்துவிடும்.

எமது பக்கத்துக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பல நிலையங்கள் ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. பொதுக்கூட்டம் கூடாது, கணக்கறிக்கை சமர்ப்பிக்கப்படாது, ஒரே சிலர் ஆண்டுக்கணக்காகப் பதவிகளை வகிக்கும் நிலையும் காணப்படுகின்றது. சில இடங்களில் அரசியல் கட்சிகளின் கிளைக் காரியாலயங்களாகவே அவை மாறிவிடுகின்றன. பெண்களும் இளைஞர்களும் ஒதுங்கி நிற்கின்றனர். ‘இவர்களுக்கு ஏன் பணம்?’ என்று சபை உறுப்பினர் ஒருவர் கேட்பாராயின் அதற்கு விடையளிக்கக் கூடிய நிலையில் நாம் இருக்க வேண்டும்.

கடல் கடந்த அனுபவங்களும் இதையே உணர்த்துகின்றன. அயலிலுள்ள கேரளத்தில் 1996இல் ஆரம்பிக்கப்பட்ட மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரையான பங்கை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு வழங்கியது. ஊரவர் கூடிப் பேசித் தமது தேவைகளை வரிசைப்படுத்தியமையே அதன் பலமாகும். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1999ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி அயல் மன்றங்கள் உருவாகின. தொடக்கத்தில் மன்றம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50,000 டொலர் வழங்கப்பட்டது. நகரம் நிதி நெருக்கடிக்குள் சிக்கியபோது அத்தொகை குறைக்கப்பட்டது. செல்வம் கொழிக்கும் நகரிலேயே மக்கள் விழிப்பாக இல்லாவிடின் இந்நிதி தேயுமெனில், எமது தீவுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

எனவே தீவக மக்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு நிலையமும் பாதீட்டுக்கு முன்னரே பொதுக்கூட்டத்தைக் கூட்டி, கணக்கை ஊரவர் முன் வைத்து, தனது தேவையை எழுத்து மூலம் சபைக்குச் சமர்ப்பித்தல் வேண்டும். பாதீட்டு வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் அதைப் பார்வையிட்டுக் கருத்துக் கூறுதல் வேண்டும். சபை அமர்வுகளைப் பார்வையிடுவதற்கும் மக்களுக்கு உரிமையுண்டு. ஒதுக்கிய பணம் உரிய நேரத்தில் வழங்கப்படவில்லையெனில் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விபரம் கோரலாம். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத வதிவோரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. அந்த இடத்தையும் நாம் கேட்டுப் பெறல் வேண்டும். தனித்தனியாக ஓடித் திரியாது, தீவுகள் யாவற்றினதும் நிலையங்கள் ஒன்றிணைந்து பொதுவானதொரு கோரிக்கையை முன்வைப்பது பயன் தரும்.

பிரதேச சபைகளும் தமது கடப்பாட்டை உணர்தல் அவசியமாகும். வருமானத்தில் ஒரு குறித்த வீதத்திற்குக் குறையாத தொகையை ஊர் அமைப்புகளுக்கு ஒதுக்குவதெனத் தீர்மானம் நிறைவேற்றலாம். கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளுக்கு மேலதிக பங்கு வழங்கலாம். நயினாதீவுக்கு வரும் யாத்திரிகர்களாலும் நெடுந்தீவுக்கு வரும் உல்லாசப் பயணிகளாலும் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பகுதி, குப்பையையும் நெரிசலையும் சுமக்கும் அவ்வூர்களுக்கே திரும்ப வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையாகும். கணக்குக் காட்டாத நிலையங்களுக்கு நிதியை நிறுத்துவதிலும் தவறில்லை; ஆனால் சிலரின் தவறுக்காக ஒதுக்கீட்டையே ஒழிப்பது நீதியாகாது.

போராலும் இடப்பெயர்வாலும் ஆளில்லாதுபோன தீவுகளில் எஞ்சியிருப்போர் குறைவு. எண்ணிக்கையில் குறைந்தோர் ஒற்றுமையிலும் குறைந்து நிற்பாராயின் அவர்களது பங்கு அவர்களறியாமலேயே கைமாறிவிடும். ஊர் கூடினால்தான் தேர் நகரும். பாதீடு நிறைவேறிய பின்னர் முறையிடுவதைவிட, அதற்கு முன்னரே கூடிக் குரல் கொடுப்பதே அறிவுடைமையாகும்.