குத்தகை கவர்னர்

சமயநல்லூரிலிருந்து மதுரைக்குப் போனால் நகரின் மேற்கே சம்மட்டிபுரத்தில் ஒரு சிறிய தர்கா இருக்கிறது. 1808-இல் எழுப்பியது. உள்ளே அடங்கியிருப்பவர் கான்சாகிபு என்கிற யூசுப்கான். முண்டம் மட்டும்தான் இங்கே, தலையும் கைகால்களும் ஊர் ஊராகப் போய்விட்டன என்று சொல்வார்கள்.

பனையூரில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து, திருச்சி முற்றுகையில் பேர் வாங்கி, சிப்பாய்களுக்கெல்லாம் தளபதி ஆனவர். 1759-இல் மதுரையும் திருநெல்வேலியும் அவர் கைக்கு வந்தன. வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் குத்தகை. நாடு கம்பெனியின் துப்பாக்கியில் நின்றது. பட்டம் மட்டும் ஆற்காட்டு நவாபுக்கு. கவர்னர் வேலை என்றால் வரி பிரிப்பதும், தராதவன் கோட்டையைப் பீரங்கியால் தட்டுவதும்தான். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் 1761-இல் அப்படித்தான் வீழ்ந்தார்.

ஆனால் ஆள் வெறும் தண்டல்காரர் இல்லை. மீனாட்சியம்மன் கோயில் மானியங்களைத் திருப்பிக் கொடுத்தார், கண்மாய்களைச் செப்பனிட்டார். விளைச்சல் ஏறினால் வரியும் ஏறும் என்று தெரிந்த நிர்வாகி. அந்தத் திறமையே வினையானது. குத்தகையை 7 லட்சமாக உயர்த்தித் தருகிறேன் என்றார், மறுத்துவிட்டார்கள். கம்பெனியிடம் கழுத்துவரை கடன்பட்டிருந்த நவாபு முகமது அலிக்கு, தன் பிடிக்கு வெளியே ஒரு பணக்கார கவர்னர் வளர்வது பொறுக்குமா? நவாபின் சேவகனாக இரு என்று கம்பெனியும் கைவிரித்தது. கான்சாகிபு 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

இந்தக் கொடியை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சுதந்திரப் போரின் முதல் தியாகி என்று ஒரு கட்சி, பாளையக்காரர்களை அழித்த துரோகி என்று இன்னொரு கட்சி. இரண்டுமே அவரைக் குத்தகைச் சீட்டிலிருந்து பிய்த்தெடுத்துப் பேசுகின்றன. 1997-இல் அவரைப் பற்றிய ‘மருதநாயகம்’ படத்தைத் தொடங்கிவைக்க பிரிட்டிஷ் ராணியையே அழைத்தார்கள். கம்பெனியை எதிர்த்து மாண்டவருக்கு இது நல்ல வேடிக்கை!

கம்பெனியும் நவாபும் முற்றுகையிட்ட கோட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது. உள்ளே சோறு தீர்ந்தது. 1764 அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தவரைத் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரர் மார்ஷானும் மடக்கி, அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள். 15-ஆம் தேதி தூக்கு. விசாரணை ஏதும் கிடையாது. நவாபின் கலகக்கார ஊழியன் என்ற பேர் போதுமானதாக இருந்தது. மதுரையின் வரி மறுபடி நவாபின் ஆட்களிடம் போய், அங்கிருந்து கம்பெனிக் கடனுக்குப் போனது.